டாபிக்குக் குழி வெட்டிய கை, கிரீச்சரிடம் ரொட்டி கேட்கும் வாய்

1

மாயாஜாலக் கதைக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் நம்முடைய துண்டறிக்கைகளைப் படித்ததைவிட ஹாரி பாட்டரைத்தான் அதிகம் படித்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான். கடைசிப் புத்தகம் வந்த 2007இல், ஆதிதிராவிடர் நல விடுதியில், ஒரே ஒரு பிரதியை அட்டை கிழியக் கிழியப் பன்னிரண்டு பேர் கைமாற்றிப் படித்தோம். பக்கத்துக்குப் பக்கம் அகராதி பார்த்துப் படித்தோம். அநீதி எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று எங்கள் மனசுக்குள் ஒரு கோடு போட்டது அந்தக் கதை. அந்தக் கோடு நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை இல்லையா?

போன மாசம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவத் தோழர் எழுந்து சொன்னார்: "ஹாரி பாட்டர் நம்ம கதைதான் தோழர். சுத்த ரத்தம்னு பேசுறவன் கடைசியில ஒழியிறான். சேத்து ரத்தம்னு ஏசப்பட்ட பொண்ணு ஜெயிக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும்?" உடனே ஒரு மூத்த தோழர், "வெள்ளைக்காரப் புள்ளைங்க வெளக்கமாத்துல பறக்குற கதை. நமக்கு அதுல என்ன வேலை?" என்று ஒரே போடாகப் போட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

2

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே.கே. ரோலிங் எழுதி 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஏழு புத்தகங்கள். ஹாக்வார்ட்ஸ் என்று மந்திரவாதிகளின் பள்ளிக்கூடம். அதில் ஹாரி, ரான், ஹெர்மயனி என்று மூன்று சிநேகிதர்கள். எதிரே வோல்டமார்ட். அவனுடைய கொள்கை நமக்குப் பழக்கமானதுதான்: மந்திரம் பரம்பரைச் சொத்து, மந்திரவாதிக்குப் பிறந்தவனுக்கு மட்டுமே உரியது. சாதாரண மனுசனுக்குப் பிறந்து மந்திரம் படிக்க வந்தவர்கள் அவனுடைய ஆட்கள் கண்ணில் சேற்று ரத்தம். ஹெர்மயனி அப்படி வந்தவள். வகுப்பில் முதலிடமும் அவளுக்குத்தான்.

ஏழாவது புத்தகத்தில் வோல்டமார்ட் ஆட்கள் அரசாங்கத்தைப் பிடிக்கிறார்கள். பிடித்த கையோடு ஒரு ஆணையம் போடுகிறார்கள். மந்திரவாதிக் குடும்பத்தில் பிறக்காத எல்லாரும் வந்து பதிய வேண்டும். விசாரணை நடக்கும். அங்கே கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? இந்த மந்திரக்கோலை எந்த மந்திரவாதியிடமிருந்து எடுத்தாய் என்பது. உனக்கு வித்தை எப்படி வந்திருக்கும், திருடித்தானே இருப்பாய் என்பது.

இந்தக் கேள்வியை நாம் கேட்டதே இல்லையா? "உன் ரேங்க் என்ன?" "எந்தக் கோட்டா?" மருத்துவக் கல்லூரி விடுதியிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அலுவலகச் சாப்பாட்டு அறையிலும் இன்றைக்கும் கேட்கிற அதே கேள்விதான். அந்த அத்தியாயத்தை விடுதியில் படித்தபோது எங்களில் ஒருத்தன் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றான். அதனால் அந்த ஆட்சி விழுந்தபோது எங்களுக்கு வந்த சந்தோசம் கடன் வாங்கின சந்தோசம் இல்லை. சொந்தச் சந்தோசம்.

நிறைவு தந்த இடங்களை நான் மறைக்க மாட்டேன். எல்லாரும் கேலி செய்த நெவில், கடைசியில் வாளெடுத்து அந்தப் பாம்பின் தலையை வெட்டுகிறான். ஜெயிக்க முடியாத மந்திரக்கோல் கையில் கிடைத்தும் ஹாரி அது வேண்டாம் என்கிறான், கல்லறையில் திரும்ப வைக்கப் போவதாகச் சொல்கிறான். அதிகாரத்தை வேண்டாமென்று சொல்கிற நாயகன் எத்தனை கதையில் உண்டு? போர் முடிந்த காலையில் பெரிய மண்டபத்தில், நாலு வீட்டுக்கு நாலு மேசை என்ற பழைய ஒழுங்கு கலைந்து, ஆசிரியர், மாணவர், பெற்றோர், ஆவிகள், குதிரை உடல் கொண்ட சென்டார்கள், வீட்டு எல்ஃப்கள் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுத்த ரத்தம் பேசிய மால்ஃபாய் குடும்பம் ஒரு ஓரமாக ஒடுங்கிக் கிடக்கிறது. அவர்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

சமபந்தி. அங்கேயே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

3

அந்த மண்டபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

சமையலறை இருக்கிறது. நாலாவது புத்தகத்தில் ரோலிங்கே அங்கே கூட்டிக்கொண்டு போகிறார். மேலே நாலு மேசை எங்கெங்கே கிடக்கிறதோ, அதற்கு நேர் கீழே அதேமாதிரி நாலு மேசை. கீழ் மேசையில் எல்ஃப்கள் சோற்றை வைப்பார்கள். மேல் மேசையில் அது தானாகத் தோன்றும். மேலே உட்கார்ந்து தின்பவனுக்குச் சமைத்தவர் முகம் தெரியாது. நூறு எல்ஃப்களுக்கு மேல் அங்கே வேலை செய்கிறார்கள். சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, சொந்தத் துணி இல்லை. தலையணை உறையையோ பாத்திரம் துடைக்கிற துண்டையோ சுற்றிக்கொண்டு திரிய வேண்டும். எசமானன் தன் கையால் துணி கொடுத்தால் விடுதலை. எசமானனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொள்ள வேண்டும், தன் கையைத் தானே சூடு போட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கிறவன் வெளியே இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அடிமைத்தனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராவது எழுதியிருக்கிறார்களா?

அந்தம்மா மனுதர்மம் படித்துவிட்டு எழுதியதாக நான் சொல்லவில்லை. ஆனால் நம் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்? மேலே நாலு வீடு. அந்த நாலுக்குள் யார் உயர்ந்தவன் என்று ஓயாத சண்டை. நாலிலும் சேராமல், கீழே, கண்ணுக்குத் தெரியாமல், எல்லாருக்கும் சோறு போடுகிற ஒரு கூட்டம். ஏழு புத்தகத்தின் முடிவும் எந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ளவர்களின் சண்டையை. ஸ்லிதரின் வீட்டுக்காரனும் நல்லவனாக இருக்கலாம் என்கிறது. சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்தவளும் மந்திரவாதிதான் என்கிறது. சரி, ரொம்ப சரி. கீழ் மேசை?

எல்ஃப்களுக்கு வலு இல்லாமலா? ஹாக்வார்ட்ஸுக்குள் மந்திரவாதிகள் நினைத்த இடத்தில் தோன்றவோ மறையவோ முடியாது. எல்ஃபால் முடியும். மந்திரக்கோலே தேவையில்லை. ஆனால் மனிதரல்லாதவர் மந்திரக்கோல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியை நடத்துகிற கோப்ளின்களுக்கும் அதே தடைதான். யாருடைய வித்தையைக் கண்டு யாருக்குப் பயம்?

4

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

டாபி என்று ஒரு எல்ஃப். மால்ஃபாய் வீட்டு அடிமை. இரண்டாவது புத்தகத்தில் ஹாரி ஒரு தந்திரம் செய்து, ஒரு காலுறையின் மூலம் அவனுக்கு விடுதலை வாங்கித் தருகிறான். ஏழாவது புத்தகத்தில் ஹாரியும் அவன் கூட்டாளிகளும் அதே மால்ஃபாய் மாளிகையின் நிலவறையில் மாட்டிக்கொள்கிறார்கள். யார் வருவது? டாபி. தன்னை அடித்து நொறுக்கிய வீட்டுக்குள், தன் விருப்பத்தில் வருகிறான். அவர்களைக் காப்பாற்றுகிறான். வீசிய கத்தி நெஞ்சில் பாய்ந்து சாகிறான்.

ஹாரி அவனுக்குக் குழி வெட்டுகிறான். மந்திரத்தால் ஒரு நொடியில் வெட்டலாம். வேண்டாம் என்று மண்வெட்டி எடுத்து, வேர்க்க விறுவிறுக்க, கை கொப்பளிக்க வெட்டுகிறான். ரான் தன் காலுறையையும் செருப்பையும் கழற்றி டாபியின் வெறுங்காலில் மாட்டிவிடுகிறான். கல்லில் அவன் ஒரு சுதந்திர எல்ஃப் என்று பொறிக்கிறார்கள். ஏழு புத்தகத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இப்போது படித்தாலும் தொண்டை அடைக்கும்.

கிரீச்சர் என்று இன்னொரு எல்ஃப். இவனை ஹாரி உயிலின்படி சொத்தாகப் பெறுகிறான். ஆறாவது புத்தகத்தில், வீட்டோடு சேர்ந்து ஆளும் வருகிறது. உயில் செல்லுமா செல்லாதா என்று எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்? ஹாரி அவனை வாயை மூடு என்று அதட்டுகிறான். கிரீச்சர் வாய் தானாக மூடிக்கொள்கிறது. உயில் செல்லும்! பத்திரம் பதிவாகிவிட்டது! பிறகு ஹாரி அவனிடம் அன்பாகப் பேசக் கற்றுக்கொள்கிறான். கிரீச்சர் மனம் மாறி நன்றாகச் சமைத்துப் போடுகிறான். கடைசிப் போரில் எல்ஃப்களைத் திரட்டிக்கொண்டு, சமையலறைக் கத்தியும் வெட்டரிவாளுமாக வந்து, தன் எசமானன் பேரைச் சொல்லிப் போரிடுகிறான்.

போர் முடிகிறது. சமபந்தி முடிகிறது. ஹாரி தலைமையாசிரியர் அறைக்குப் போய் அந்தப் பெரிய மந்திரக்கோலைத் துறக்கிறான். பிற்சேர்க்கைக்கு முந்தின கடைசி வாக்கியத்தில் அவன் மனசில் என்ன ஓடுகிறது? படுக்கை. அப்புறம், கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருவானா என்ற யோசனை.

அடப்பாவி! கத்தியோடு வந்து உனக்காகச் சண்டை போட்டவன் அப்போதுதான் உன்னோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் பசிக்கும், அவனுக்கும் உடம்பு வலிக்கும். அவனைத்தான் ரொட்டி கொண்டுவரச் சொல்லத் தோன்றுகிறது உனக்கு.

செத்த எல்ஃபுக்குக் குழி வெட்டத் தெரிந்த கைக்கு, உயிரோடிருக்கிற எல்ஃபின் முன்னால் ஒரு துண்டு ரொட்டி வெட்டத் தெரியவில்லை. இந்த முடிவில் என் குற்றச்சாட்டு இதுதான். இது ஒன்றுதான்.

5

மறுப்புகள் வரும். தெரியும்.

"ஹாரி நல்ல எசமானன்தானே?" அதுதான் பிரச்சினை. கெட்ட எசமானனை ஒழித்துவிட்டு நல்ல எசமானனோடு கதையை முடிப்பது ஆண்டைகளுக்கு வசதியான முடிவு.

"எல்ஃப்களே விடுதலை வேண்டாம் என்கிறார்களே?" ஆமாம், சொல்கிறார்கள். விங்க்கி என்ற எல்ஃப் வேலையிலிருந்து துரத்தப்பட்டதும் குடித்துக் குடித்து அழுகிறாள். டாபிகூட, டம்பில்டோர் வாரத்துக்குப் பத்துக் காசு தருகிறேன் என்றபோது, வேண்டாம், ஒன்று போதும் என்று குறைத்துப் பேசுகிறான். "அவங்க சந்தோசமாத்தான் இருக்காங்க, அவங்க சுபாவமே அப்படி" என்பதைப் பண்ணை வீட்டுத் திண்ணையில் நம் பாட்டன்மார் கேட்கவில்லையா? அடிமையின் வாயால் அடிமைத்தனத்துக்குச் சாட்சி வாங்குவது ரொம்பப் பழைய வித்தை.

"ஹெர்மயனி எல்ஃப்களுக்காகச் சங்கம் வைத்தாளே?" வைத்தாள். அவளைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தச் சங்கத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வாந்தி என்று பொருள் வரும்படி வைத்து ரோலிங் அவளைக் கேலிக்கு ஆளாக்கினார். அதையும் விடுவோம். சங்கத்தில் உறுப்பினர் யார்? பேட்ஜ் வாங்கியவர்கள் மாணவர்கள். எல்ஃப் ஒருவர்கூட இல்லை. ஐந்தாவது புத்தகத்தில் அவள் தொப்பி பின்னி, குப்பைக்கு அடியில் மறைத்து வைக்கிறாள். எல்ஃப்கள் தெரியாமல் எடுத்தால் விடுதலையாகிவிடுவார்களாம். கேட்காமல், சொல்லாமல், ஏமாற்றி விடுதலை! எல்ஃப்கள் கோபப்பட்டு அந்த இடத்தைப் பெருக்கவே வர மறுக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த நூலின் முதல் வேலைநிறுத்தமாக அதுதான் தெரிகிறது.

1932இல் காந்தியார் தொடங்கிய அரிசன சேவா சங்கம் ஞாபகம் வருகிறதா? அதன் நிர்வாகம் சாதி இந்துக்களின் கையில் இருந்ததை அம்பேத்கர் எழுதி அம்பலப்படுத்தினார். அதற்கு முன்பே, 1927 மார்ச் 20இல், மகாடில் யார் இரக்கத்துக்கும் காத்திராமல் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மனமாற்றம் ஒரு பாதை. மகாடு இன்னொரு பாதை. எல்ஃப்களுக்கு மகாடு எழுதப்படவே இல்லை.

"ஹெர்மயனி பிற்பாடு அரசாங்க வேலைக்குப் போய் எல்ஃப்களுக்கு நல்லது செய்ததாக ரோலிங்கே சொன்னாரே?" சொன்னார், புத்தகம் வந்த பிறகு, வாசகர்கள் கேட்டபோது. புத்தகத்தில் சொல்லவில்லை. பத்தொன்பது வருசம் கழித்து என்று ஒரு பிற்சேர்க்கை எழுதினார். ரயில் நிலையம், பிள்ளைகள், பெயர் வைத்த கதை, எந்த வீட்டில் சேர்வோமோ என்ற பையனின் பயம், எல்லாம் இருக்கிறது. எல்ஃப் ஒருவர்கூட இல்லை. கோப்ளின் இல்லை. கடைசியில் எல்லாம் நலம் என்ற பொருளில் முற்றுப்புள்ளி. பிரதிக்கு வெளியே கொடுக்கிற வாக்குறுதி, தேர்தல் முடிந்த பிறகு கொடுக்கிற வாக்குறுதி மாதிரி. கணக்கில் ஏறாது.

6

அடிமை முறை ஒழிந்தது என்று முற்றுப்புள்ளி வைப்பது ரோலிங்கின் நாட்டுக்குப் புதிதில்லை. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் அடைந்தது 2015இல்தான். விடுதலையான அடிமைகளோ "பயிற்சியாளர்" என்ற பேரில் 1838 வரை அதே தோட்டத்தில் உழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்குப் பொருந்தாது என்றும் எழுதி வைத்தார்கள். ஆகவே தஞ்சாவூர்ப் பண்ணையில் அடிமையாகக் கிடந்த நம் ஆட்களுக்கு அது இல்லை. 1843இல் இங்கே வந்த ஐந்தாம் சட்டமும் யாரையும் கையைப் பிடித்து விடுவிக்கவில்லை. அடிமை மேல் உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவுதான். பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். சட்டப் புத்தகத்தில் கதை முடிந்தது. களத்துமேட்டில் முடியவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ராத்திரியில் வந்து வீட்டு வேலையெல்லாம் செய்துவிட்டுப் போகும் குட்டி ஆவி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் உண்டு. அதற்குத் துணி கொடுத்தால் வேலையை விட்டுவிட்டுப் போய்விடும். ரோலிங்கின் எல்ஃப் அங்கிருந்து பிறந்ததுதான். பழைய கதையில் துணி கிடைத்ததும் ஆவி தன்பாட்டுக்குப் போய்விடுகிறது, யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நம் ஊரில் நேர்மாறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழைய வேட்டியும் கிழிந்த சேலையும் கொடுத்தே ஆளைக் கட்டிப்போட்டார்கள். துணி எங்கே விடுதலை, எங்கே விலங்கு என்பதைக் கொடுக்கிற கைதான் தீர்மானிக்கிறது. கொடுக்கிற கை, வாங்குகிற கை என்று இரண்டு இருக்கிறவரை கதை முடியவில்லை என்று அர்த்தம்.

7

இவ்வளவு பேசுகிற நான் யார்? ஒரு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். ஒரு வருசம் ஆயுத பூசை. எனக்குப் பூசையில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் நின்றேன். மேலாளர் முதல் பெருக்கித் துடைக்கிற அக்கா வரை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பொரிகடலை தின்றோம். அந்த அக்கா நம் தெருக்காரர். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். மனசு நிறைந்திருந்தது. பொரித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். வாயில் தானாக வந்தது: "அக்கா, அப்படியே ஒரு டீ வாங்கிட்டு வந்துருங்களேன்."

அவர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கிரீச்சர் ஞாபகம் வந்தது. விடுதியில் அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போன பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தன். ஏன் தாண்டினோம்? படிக்கும்போது நாங்கள் எல்லாரும் ஹெர்மயனியாக இருந்தோம். படித்து முன்னேறி மேல் மேசைக்கு வந்தவர்களாக. கிரீச்சராக ஒருத்தனும் இல்லை.

அதனால் மாணவத் தோழருக்கு என் பதில்: அது நம்முடைய கதையில் பாதி. மேல் மேசையில் இடம் பிடித்த பாதி. அந்தப் பாதியில் கிடைக்கிற நிறைவைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், அது நியாயமானது. மீதிப் பாதி சமையலறையில் கிடக்கிறது. மூத்த தோழருக்கு என் பதில்: தூக்கிப் போட்டுவிட்டால், எந்த வரியில் ஏமாந்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

எல்ஃப்களுக்கு விடுதலை கொடுத்துத்தான் புத்தகம் முடிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடுதலை கிடைக்காமலே முடியலாம். நிஜத்தில் அப்படித்தானே கிடக்கிறது. 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக்குள் இறங்கி நம் ஆட்கள் செத்தார்கள். கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், நலம் என்று சொல்லாதீர்கள். இதுதான் கேட்கிறேன்.

முடிவு எழுதத் தெரிந்த ஒருவர் நம்மிடம் இருந்தார். 1949 நவம்பர் 25. அரசியல் சட்டத்தை எழுதி முடித்துவிட்டு அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். எல்லாரும் வாழ்த்துக்குக் காத்திருந்த நேரம். எல்லாம் நலம் என்று அவர் சொல்லவில்லை. 1950 ஜனவரி 26இல் முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்றார். அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்றார். இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். தான் கட்டிய வீட்டுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைக் கடைசிப் பக்கத்திலும் மறக்காத முடிவு அது.

ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் கீழ்வெண்மணியில் 44 பேருக்குத் தலை வணங்குகிறோம். வணங்கத்தான் வேண்டும். டாபிக்குக் குழி வெட்டியதும் சரிதான். வணங்கிவிட்டுத் திரும்புகிற வழியில் நம் கூட்டத்துக்குச் சோறாக்குவது யார், இலை எடுப்பது யார், வீட்டில் நமக்காக முழித்திருப்பது யார் என்று பார்த்திருக்கிறோமா தோழர்களே?

ஹாரி படியிறங்கிச் சமையலறைக்குப் போயிருக்கலாம். தானே ரெண்டு துண்டு ரொட்டி வெட்டி, ஒன்றைக் கிரீச்சரிடம் நீட்டியிருக்கலாம். அவ்வளவு போதும், நானும் கைதட்டியிருப்பேன்.

இப்போதெல்லாம் டீக்கு நானே போகிறேன். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த அக்காவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கான மனுவை அவரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது.